உயிர் மரமும் தைஜி படமும்: எதை எதோடு ஒப்பிடலாம், எங்கே கணக்கு உதைக்கும்

கேள்வி இதுதான்: யூத மறைஞானமான கபாலாவின் ‘உயிர் மரம்’, சீனத் தாவோ மரபின் தைஜி படம் இரண்டும் ஒரே தத்துவத்தின் இரண்டு வரைபடங்களா? மரத்தின் வலத் தூணை யாங் (அசையும் ஆற்றல்), இடத் தூணை யின் (அமைந்திருக்கும் ஆற்றல்), உச்சிக்கு மேலே இருக்கும் ஏய்ன் சோஃபை (எல்லையற்ற இறைநிலை) வூஜி (எல்லையற்ற வெறுமை) என்று வைத்துப் படித்தால் சரியாக வருமா?

சரியாக வராது. ஆனாலும் ஒப்பிடுவதே வீண் என்று சொல்லமாட்டேன். உறுப்புக்கு உறுப்பு பொருத்திப் பார்ப்பதுதான் வீண். அதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு: உலகத்தில் எந்தக் கோளாறு நேர்ந்ததாக நினைத்து இந்தப் படத்தை வரைந்தார்கள், அதைச் சரிசெய்ய மனிதன் என்ன செய்யவேண்டும் என்கிறார்கள்? இதைக் கேட்டுவிட்டால், வட்டமும் கோடும் எவ்வளவு ஒத்திருந்தாலும் உள்ளே ஓடுவது வேறு வேறு என்பது தெரிந்துவிடும்.

முதலில் எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளவேண்டும். பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

உயிர் மரம் என்றவுடன் இணையத்தில் வரும் படம் பெரும்பாலும் யூதர்கள் வரைந்தது அல்ல. ஜெசுவிட் பாதிரியார் அத்தனாசியஸ் கிர்ஷர் 1652–54-இல் ரோமில் வெளியிட்ட படத்தின் வழிவந்தது. 1888-இல் லண்டனில் தொடங்கிய ‘கோல்டன் டான்’ என்ற மறைஞானச் சங்கம் அதைத்தான் எடுத்துப் பரப்பியது. இன்றைய இஸ்ரேலில் உள்ள ஸஃபேத் நகரில் கபாலா ஆசான் ஐசக் லூரியா (1534–1572) சொன்னதை அவர் சீடர் ஹயிம் விட்டால் எழுதிவைத்தார். அந்த மரபின் மரத்தில் இணைப்புகள் வேறு மாதிரி போகும்.

இரண்டிலும் பத்து செஃபிரோத், அதாவது இறையாற்றல் வெளிப்படும் நிலைகள், உண்டு. நடுத் தூணில் மேலிருந்து கேதெர், திஃபெரெத், யெசோத், மல்குத். வலப்பக்கம் ஹோக்மா, ஹெசெத், நேட்ஸாஹ். இடப்பக்கம் பீனா, கெவுரா, ஹோத். இவற்றை இணைக்கும் பாதைகள் 22, எபிரேய எழுத்துகள் எத்தனையோ அத்தனை. அந்த 22-ஐ மரபின் பழைய நூலான ‘ஸெஃபெர் யெட்ஸிரா’ மூன்று தாய் எழுத்து, ஏழு இரட்டை எழுத்து, பன்னிரண்டு தனி எழுத்து என்று பிரிக்கும். மரத்தில் கிடைக்கோடு மூன்று, நெடுங்கோடு ஏழு, சாய்கோடு பன்னிரண்டு.

லூரியா வகை மரத்தில் ஹோக்மாவிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கெவுராவுக்கு ஒரு சாய்கோடு, பீனாவிலிருந்து ஹெசெத்துக்கு இன்னொன்று. மல்குத் யெசோத்தோடு மட்டும் ஒற்றைக் கோட்டில் தொங்கும். கிர்ஷர் வகையில் அந்த இரண்டு குறுக்குச் சாய்கோடுகளும் இல்லை. பதிலாக நேட்ஸாஹ், ஹோத் இரண்டிலிருந்தும் மல்குத்துக்கு நேரே கோடு இறங்கும். எண்ணிப்பாருங்கள்: இரண்டிலுமே 3, 7, 12 சரியாக வரும். ஆகவே ‘22 பாதை இருக்கிறது, எனவே இது மூலப் படம்’ என்ற வாதம் நிற்காது. மல்குத்தைப் பாருங்கள். ஒரு கோடு என்றால் லூரியா வழி, மூன்று கோடு என்றால் கிர்ஷர் வழி. பொருளும் மாறுகிறது. மல்குத் யெசோத் வழியாக மட்டுமே பெறுகிறது என்பது கபாலாவின் அடிப்படைப் போதனை. மூன்று கோடு இழுத்தால் அது அடிபட்டுப்போகும்.

கிர்ஷர் வகையை வரைந்து பார்க்க விரும்புவோருக்கு எளிய வழி: ஒரு நெடுங்கோடு இழுத்து, 4 செ.மீ. இடைவெளியில் ஐந்து புள்ளி வையுங்கள். மேலிருந்து முதல் நான்கையும் மையமாக வைத்து, 4 செ.மீ. ஆரத்தில் நான்கு வட்டம் போடுங்கள். முதல், மூன்றாம், நான்காம், ஐந்தாம் புள்ளிகள்தான் கேதெர், திஃபெரெத், யெசோத், மல்குத். அடுத்தடுத்த வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் ஆறு இடங்களில் பக்கத் தூண்களின் ஆறும் விழும். இரண்டாம் புள்ளி மட்டும் காலியாக நிற்கும். தஆத் என்று சொல்வார்களே, அந்த இடம் இது. இங்கே இன்னொரு செஃபிராவை வரைந்து நிரப்பிவிடாதீர்கள். கேதெரைக் கணக்கில் எடுக்காதபோதுதான் தஆத் எண்ணப்படும். இரண்டையும் சேர்த்தால் பதினொன்று. ‘பத்து, ஒன்பது அல்ல, பத்து, பதினொன்று அல்ல’ என்று ஸெஃபெர் யெட்ஸிரா அழுத்திச் சொல்கிறது. (இந்தக் காம்பஸ் கணக்கு இன்றைய வசதிக்காகத்தான். பழைய கையெழுத்துச் சுருள்களில் கிளைகளின் நீளமும் இடமும் விதவிதமாக இருக்கும்.)

தைஜி பக்கம் வருவோம். கருப்பு வெள்ளை மீன்கள் இரண்டு ஒன்றையொன்று சுற்றும் வடிவம் உலகம் முழுக்கத் தெரிந்தது. அது நூல்களில் தெளிவாகத் தலைகாட்டுவது 14-ஆம் நூற்றாண்டில். பிரபஞ்சத் தோற்றத்தைப் படிப்படியாகச் சொல்லும் பழைய தைஜி படம் வேறு. அது சீனத் தத்துவ அறிஞர் சோவ் துன்யி (1017–1073) விளக்கம் எழுதிய ஐந்தடுக்குப் படம். உயிர் மரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தது இதுதான். ஏனென்றால் இரண்டுமே மேலிருந்து கீழே படிப்படியாக இறங்குகின்றன.

அடுக்குகளைச் சொல்கிறேன். உச்சியில் வூஜியைக் குறிக்கும் வெறும் வட்டம். அதன் கீழே மூன்று வளையம் கொண்ட வட்டம், நடுவில் சிறு வெற்று வட்டம். நெடுவாக்கில் பாதி பாதியாகப் பிரிந்து நிற்கும். இடப்பாதியில் வெளியிலிருந்து வெள்ளை, கருப்பு, வெள்ளை. வலப்பாதியில் கருப்பு, வெள்ளை, கருப்பு. பலர் இடது முழுக்க வெள்ளை, வலது முழுக்கக் கருப்பு என்று தீட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் படத்தின் உயிரே போய்விடும். இடப்பாதியின் வெள்ளை–கருப்பு–வெள்ளை என்பது ‘லீ’ என்ற மூன்று கோட்டுக் குறி: இரண்டு முழுக்கோட்டுக்கு நடுவே ஓர் உடைந்த கோடு, அதாவது நெருப்பு. வலப்பாதி ‘கான்’: இரண்டு உடைந்த கோட்டுக்கு நடுவே ஒரு முழுக்கோடு, அதாவது நீர். யாங்கின் வயிற்றில் யின், யின்னின் வயிற்றில் யாங்.

மூன்றாம் அடுக்கில் ஐந்து: மேலே இடது நெருப்பு, வலது நீர், நடுவில் மண், கீழே இடது மரம், வலது உலோகம். கோடு நீரிலிருந்து மரம், மரத்திலிருந்து நெருப்பு, பிறகு மண், உலோகம், மறுபடி நீர் என்று ஓடும். நம் பஞ்சபூதத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. இவற்றில் காற்றும் ஆகாயமும் கிடையாது. இவை பொருள்களும் அல்ல. ஒன்றிலிருந்து அடுத்தது பிறக்கும் ஐந்து நிலைகள். நான்காம் வட்டம் ஆண், பெண். ஐந்தாம் வட்டம் எண்ணற்ற உயிர்களும் பொருள்களும்.

இனி பொருத்திப் பார்க்கலாம். முதலில் தூண்கள். மரத்தில் வலப்பக்க ஹெசெத் கொடுக்கும் அருள். இடப்பக்கக் கெவுரா தடுக்கும் கண்டிப்பு. கொடுப்பது யாங், தடுப்பது யின் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் கபாலாவில் ஹெசெத்தின் பூதம் நீர், நிறம் வெள்ளை. கெவுராவின் பூதம் நெருப்பு, நிறம் சிவப்பு. தைஜி படத்தில் நெருப்பு யாங் பக்கம், நீர் யின் பக்கம். வலத் தூணை யாங் என்றால் நீர் யாங்காகிவிடும். இடத் தூணை யாங் என்றால் கண்டிப்பு யாங்காகிவிடும், தாயான பீனாவும் யாங் தூணில் உட்கார்ந்துவிடுவாள். எப்படித் திருப்பினாலும் ஒரு முனை உதைக்கும். பெண் தன்மையின் முழு உருவான மல்குத், அதாவது உலகில் தங்கும் இறையிருப்பான ஷெகினா, இடத் தூணில் இல்லாமல் நடுத் தூணின் அடியில் நிற்பதையும் கவனியுங்கள். ஆண்–பெண் என்ற இணை மரத்தில் இடம்–வலமாக மட்டும் ஓடவில்லை; மேல்–கீழாகவும் ஓடுகிறது.

திசையும் சிக்கல்தான். சீனப் படங்களில் மேலே தெற்கு. தெற்கு நோக்கி நிற்பவருக்கு இடக்கை கிழக்கு, சூரியன் எழும் பக்கம். அதனால் யாங் இடப்பக்கம். மரத்தில் வலம் முதலில் வரும். ஹெசெத் வலக்கை, கெவுரா இடக்கை, திஃபெரெத் உடல், நேட்ஸாஹும் ஹோத்தும் இரண்டு தொடை என்று ‘திக்குனே ஸோஹார்’ என்ற கபாலா நூல் சொல்வதைக்கொண்டு, நம்மைப் பார்த்து நிற்கும் மனிதனாக மரத்தைக் கற்பனை செய்தால் கைகள் மாறிவிடும். நமக்கு முதுகைக் காட்டி நிற்பவனாக நினைத்துக்கொள்ளவேண்டும்.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: வெற்று வட்டம். இரண்டு மரபிலும் உச்சியில் ஒரு காலி வட்டம் வருகிறது. இதைப் பார்த்துத்தான் ‘ஏய்ன் சோஃபும் வூஜியும் ஒன்று’ என்று எழுதிவிடுகிறார்கள். லூரியா சொன்ன தோற்றக் கதையில் ஏய்ன் சோஃபின் ஒளி எங்கும் நிறைந்திருந்தது. உலகத்துக்கு இடம் வேண்டுமே என்று அது நடுப்புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் சமமாக ஒதுங்கியது. சமமாக ஒதுங்கியதால் மிஞ்சிய வெற்றிடம் வட்டமாயிற்று. அந்தச் சுருங்கலுக்கு ட்ஸிம்ட்ஸூம் என்று பெயர். ஆக, அங்கே வெற்று வட்டம் என்பது இறையொளி விலகிய இடம்; ஒரு சுவடு மட்டும் மிச்சம். ஏய்ன் சோஃப் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. தைஜி படத்திலோ வெற்று வட்டம்தான் மூலம். யாரும் எதிலிருந்தும் விலகவில்லை. கீழே வரும் அத்தனை அடுக்கிலும் அதே வெறுமை இருந்துகொண்டே இருக்கிறது. ஒரே உருவம், நேரெதிர்ப் பொருள்.

லூரியா வழிப் படத்தை வரைவோர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று இங்கே சொல்லத்தக்கது. வெற்று வட்டத்துக்குள் மேலிருந்து ஒரு மெல்லிய ஒளிக்கோடு, ‘காவ்’, இறங்கும். சிலர் அதை வட்டத்தின் அடிவிளிம்பு வரை இழுத்துவிடுவார்கள். இழுக்கக் கூடாது. கோட்டின் கீழ்முனை அடியைத் தொட்டால் ஒளி கீழிருந்தும் வந்ததாகிவிடும்; பிறகு மேல், கீழ் என்ற வேறுபாடே இல்லை, செஃபிரோத்துக்கு வரிசையும் இல்லை. ஹயிம் விட்டால் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். தைஜி படத்தின் முதல் வட்டத்துக்குள் இப்படி எந்தக் கோடும் நுழைவதில்லை, நுழையத் தேவையும் இல்லை. வூஜி என்பது தைஜிக்கு முன்னால் இருந்த வேறொன்றா, தைஜியின் இன்னொரு பெயரா என்பதுதான் அங்கே சண்டை. 12-ஆம் நூற்றாண்டில் சூ ஷி, லூ ஜியூயுவான் என்ற சீன அறிஞர்கள், வூஜியையும் தைஜியையும் சேர்த்துச் சொல்லும் சோவ் துன்யியின் ஒரு சொற்றொடரை வைத்துக் கடிதப்போர் நடத்தினார்கள். முன்னதிலிருந்து பின்னது பிறந்தது என்று படிக்கக் கூடாது, இரண்டும் ஒன்றே என்பது சூ ஷியின் பக்கம்.

இனி கோளாறு. லூரியா வழியில் ஒரு விபத்து நேர்கிறது. முதலில் செஃபிரோத் ஒன்றன்கீழ் ஒன்றாக, தனித்தனியே, ஒற்றை வரிசையில் நின்றன. ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் இல்லை. ஒவ்வொன்றும் ஒளியை ஏந்தும் பாத்திரம். ஒளி இறங்கியபோது மேல் மூன்று பாத்திரங்கள் தாங்கின. கீழ் ஏழும் உடைந்தன. உடைசல்களோடு 288 ஒளிப்பொறிகள் கீழே விழுந்தன. அதற்குப் பின்னர்தான், உடைந்ததைச் சீர்செய்யும் வகையில், மூன்று தூண் அமைப்பு வருகிறது: வலம், இடம், இரண்டையும் தாங்கும் நடு. அதாவது நாம் காணும் மரத்தின் வடிவமே பழுதுபார்த்த வடிவம். நடுத் தூண் இல்லையென்றால் அருளும் கண்டிப்பும் ஒன்றையொன்று நொறுக்கும்.

தைஜியில் இப்படி நடுவே நின்று சமரசம் செய்யும் மூன்றாவது எதுவும் இல்லை. யாங் உச்சிக்குப் போனால் தானே யின்னாகத் திரும்பும். யின் உச்சிக்குப் போனால் யாங். அசைவு முற்றினால் அமைதி, அமைதி முற்றினால் அசைவு என்கிறது சோவ் துன்யியின் விளக்கம். ஒன்றும் உடையவில்லை. ஒட்டவைக்கவும் எதுவுமில்லை. மண் நடுவில் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் அது ஐந்தில் ஒன்று, சுற்றில் தன் முறைக்கு வந்துபோவது.

அப்படியானால் தாவோ சாதகனுக்கு என்ன வேலை? இங்கேதான் படத்தைத் தலைகீழாகப் படிக்கும் வழக்கம் வருகிறது. 17-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஹுவாங் சோங்யான், இந்தப் படம் முதலில் தாவோ துறவி சென் துவானிடம் (989-இல் மறைந்தவர்) ‘வூஜி படம்’ என்ற பெயரில் இருந்தது, கீழிருந்து மேலே படிக்கப்பட்டது என்று வாதிட்டார். அந்த வரலாற்றை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் அவர் தரும் ஐந்து படி, உடலுக்குள் ஆற்றலைப் பக்குவப்படுத்தும் உள்ரசவாத மரபின் பாடத்தோடு அப்படியே பொருந்துகிறது. அடியில் ‘மாயப் பெண்ணின் வாயில்’ என்ற தொடக்க இடம். பிறகு உடலின் சாரத்தைச் சீயாகவும் (உயிராற்றல்), சீயை ஆவியாகவும் புடமிடுவது. மூன்றாவது, ஐந்து உறுப்புகளின் சீயும் மூலத்துக்குத் திரும்புவது. நான்காவது, கானிலிருந்து எடுத்து லீயை நிரப்புவது. ஐந்தாவது, ஆவி வெறுமைக்குத் திரும்புவது.

நான்காம் படியைக் காகிதத்தில் செய்துபாருங்கள். கான்: உடைந்தது, முழுது, உடைந்தது. லீ: முழுது, உடைந்தது, முழுது. கானின் நடுவில் இருக்கும் முழுக்கோட்டை எடுத்து லீயின் நடுவில் வையுங்கள். லீயின் உடைந்த கோடு கானுக்குப் போகட்டும். இப்போது லீ மூன்று முழுக்கோடாகி ‘சியான்’, அதாவது வானம், ஆகிறது. கான் மூன்று உடைந்த கோடாகி ‘குன்’, அதாவது நிலம். கலந்துபோனது பிரிந்து தூய நிலைக்குத் திரும்பிவிட்டது. இரண்டாம் அடுக்கில் வளையங்களைச் சரியாகத் தீட்டவேண்டும் என்று வற்புறுத்தியது இதற்காகத்தான். முழுக் கருப்பு, முழு வெள்ளை என்று தீட்டினால் எடுக்க ஒன்றுமில்லை, நிரப்பவும் ஒன்றுமில்லை.

கோளாறு என்றால் இங்கே கசிவு. நெருப்பு மேலே போகும், நீர் கீழே வடியும், சாரம் வீணாகும். இதே பாடத்தை உடலின் மேல் வரைந்தால் ‘நெய்ஜிங் படம்’. 1886-இல் லியூ செங்யின் என்ற துறவி கல்லில் செதுக்கச் செய்த அந்தப் படம் பெய்ஜிங்கின் வெண்மேகக் கோயிலில் இருக்கிறது. உட்கார்ந்த மனித உடல் மலையும் ஆறுமாகத் தெரியும். முதுகெலும்பின் அடியில் ஒரு சிறுவனும் சிறுமியும் காலால் நீர்ச்சக்கரம் மிதிக்கிறார்கள். தண்ணீர் முதுகு வழியாக மேலே ஏறுகிறது. வயிற்றருகே ஒருவன் எருது பூட்டி உழுகிறான். மேலே ஒரு பெண் நூற்சக்கரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். தலை முழுக்க மலைச்சிகரம்.

இதை மரத்தோடு ஒப்பிடுவது தைஜியை ஒப்பிடுவதைவிடப் பயனுள்ளது, ஏனென்றால் இரண்டுமே மனித உடலை அளவுகோலாக எடுக்கின்றன. நெய்ஜிங் படத்து உடல் பக்கவாட்டில் தெரிகிறது. அதற்கு முன், பின் உண்டு. இடம், வலம் இல்லை. முதுகில் ஏற்றம், முன்பக்கம் இறக்கம். கபாலாவின் உடலுக்கு இடக்கை, வலக்கை உண்டு. முன், பின் படத்தில் வராது. ஒன்று சுற்றோட்டத்தைக் காட்டவேண்டும், இன்னொன்று சமநிலையைக் காட்டவேண்டும். வரைந்தவர்கள் உடலை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள் என்பதை அதுதான் முடிவுசெய்திருக்கிறது.

கபாலாவில் சீர்செய்யும் வேலையோ கட்டளைகளைக் கடைப்பிடிப்பது, பிரார்த்தனை, நாள் எண்ணுவது. பாஸ்கா பண்டிகையின் இரண்டாம் இரவு தொடங்கி 49 நாள் எண்ணும் ஓமெர் வழக்கம் நல்ல எடுத்துக்காட்டு. கீழ் ஏழு செஃபிரோத் ஒவ்வொன்றுக்குள்ளும் ஏழு என்று 7 × 7. முதல் நாள் ஹெசெத்துக்குள் ஹெசெத், இரண்டாம் நாள் ஹெசெத்துக்குள் கெவுரா, எட்டாம் நாள் கெவுராவுக்குள் ஹெசெத். யாங்குக்குள் யின் என்ற எண்ணத்துக்குக் கபாலாவில் உண்மையான இணை தேடினால் தூண்களில் தேடாதீர்கள், இங்கே இருக்கிறது. ஆனால் இதிலும் ஹெசெத் முற்றினால் கெவுராவாக மாறிவிடும் என்று யாரும் சொல்வதில்லை. ஒன்றுக்குள் மற்றது அடங்கியிருக்கிறது, அவ்வளவே.

இரண்டையும் வலிந்து இணைத்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணமே இருக்கிறது. கோல்டன் டானில் இருந்து வந்த அலெய்ஸ்டர் க்ரோலி, சீனத்தின் எட்டு மூன்று கோட்டுக் குறிகளை உயிர் மரத்தில் ஏற்றினார். தாவோ ஒன்று, யாங், யின் இரண்டு, குறிகள் எட்டு, கூட்டினால் பதினொன்று. இருக்கைகளோ பத்து. கடைசியில் காலியாக இருக்கவேண்டிய தஆத்தின் இடத்தில் ஒரு குறியை உட்காரவைக்க வேண்டியதாயிற்று. எட்டுக் குறிகள் இரண்டை மூன்று முறை பெருக்கி வந்தவை. பத்து செஃபிரோத் அப்படி இரட்டித்து வந்தவை அல்ல. ஒன்றின் கணக்கு மற்றதில் அடங்காது.

படிக்கத் தொடங்குவோர் லூரியா வகை மரத்தையும் சோவ் துன்யியின் ஐந்தடுக்கையும் தங்கள் கையாலேயே ஒருமுறை வரைந்துவிடுங்கள். மரத்தைக் கேதெரிலிருந்து எண் வரிசையில் இறக்குங்கள்: வலம், இடம், நடு என்று கோடு மாறி மாறிப் போவது கையில் தெரியும். தைஜியை மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை வரையுங்கள். மரத்தையும் கீழிருந்து ஏறலாம். ஆனால் ஏறுவதால் அங்கே எதுவும் கலைந்து வெறுமைக்குத் திரும்புவதில்லை, மல்குத் மேலிருப்பவற்றோடு சேர்கிறது. இந்த இரண்டு ஏற்றங்களையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு கபாலாத் தியானத்தையும் உள்ரசவாத மூச்சுப்பயிற்சியையும் கலந்து செய்யும் கையேடுகளை ஒதுக்கிவையுங்கள். முதுகு வழியாக ஏற்றியதை முன்பக்கமாக இறக்காமல் தலையிலேயே நிறுத்தக் கூடாது என்பது உள்ரசவாத ஆசான்கள் கண்டிப்பாகச் சொல்லும் எச்சரிக்கை. மரத்தின் படத்தில் அந்த முன்பக்க இறக்கத்துக்குக் கோடே கிடையாது.